லாசரஸுக்கு எந்தப் படகு?

வீட்டு முகவர் லாசரஸ் தன் பெயரைத் தானே இணையத்தில் தேடிப் பார்த்தது ஒலி முகம்மது கிளப்பிவிட்ட எரிச்சலில்தான். இருவருக்கும் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரே அலுவலகம். கீழே பூக்கடை, மேலே இவர்கள். ஒலி முகம்மதுக்கு லாசரஸைவிட நாலைந்து வயது குறைவு, அவ்வளவுதான். ஆனால் விற்க வேண்டிய வீடு ஒவ்வொன்றிலும் கூடத்திலிருந்து சமையலறை வரை ஆடிக்கொண்டே போய், அதைக் காணொளியாக எடுத்துப் போடுவார். குளியலறைக் கதவைத் திறக்கும்போது தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுவார். வீடு வேண்டாதவர்கள்கூட அந்தச் சுற்றுக்காகப் பார்த்தார்கள்.

"அண்ணே, உங்க பேரை நெட்ல போட்டா என்ன வருதுன்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?" என்று ஒருநாள் மதியம் கேட்டார் ஒலி.

"என் பேரைப் போட்டா நான் வருவேன். வேற யாரு வருவா?"

ஒலி கைப்பேசியை நீட்டினார். லாசரஸ் தம் பெயரையும் சிங்கப்பூரையும் சேர்த்துத் தட்டினார். கடல் வந்தது. வெள்ளை மணல் வந்தது. தென்னை மரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு குடும்பம் வந்தது. நகரத்துக்குத் தெற்கே கடலில் இருக்கும் லாசரஸ் தீவுதான் முதல் பக்கம் முழுக்க. இரண்டாம் பக்கமும் தீவு. அதற்கடுத்து அவர் பெயருக்குரிய புனிதர் வந்தார். அவரிடம் லாசரஸுக்குக் கோபமில்லை. விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனதில் எங்கேயோ கடைசியில் லாசரஸ் வந்தார். ஆலயத் திருவிழா ஒன்றில் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பழைய படம். அப்போது தலையில் கொஞ்சம் முடி இருந்தது.

"பரவாயில்ல அண்ணே, கேட்டரிங் ஆர்டர் வந்தாலும் வரும் லா," என்றார் ஒலி.

லாசரஸ் அன்று சாப்பிடவில்லை. இத்தனை வருடமும் அவருக்கு விளம்பரம் என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஒரு கோப்பை காப்பியோடு நின்றால் போதும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முழங்கால் வலி வந்து லிஃப்ட் நிற்கும் மாடிக்கு மாற வேண்டியிருக்கிறது, யார் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து அறை போதவில்லை என்பதெல்லாம் காப்பி ஆறுவதற்குள் தெரிந்துவிடும். இப்போதும் முற்றம் இருந்தது, காப்பியும் இருந்தது. வீடு பார்க்கிறீர்களா என்று கேட்டால்தான், "ஆன்லைன்ல பாத்துக்கிட்டிருக்கோம் அங்கிள்" என்று பதில் வந்தது. அந்த ஆன்லைனில் லாசரஸ் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரமே அவர் சங்கீதாவைப் போய்ப் பார்த்தார். சங்கீதா திருப்பூர்க்காரர். நகர மையத்தில் ஒரு நிறுவனத்தில் இணைய விளம்பர வேலை. கணவனும் மனைவியுமாக இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது ஃபேரர் பார்க்கில் அவர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர் லாசரஸ். அந்த வீட்டின் குளிர்சாதனப் பெட்டி சொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரோ அதைக் கேட்டாலே வெளியூர் போய்விடுகிறவர். வீட்டுக்காரரிடம் லாசரஸ் பேசுவது, லாசரஸுக்குச் சங்கீதா இணையப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என்று ஒப்பந்தமாயிற்று.

"அண்ணா, தேடுறவங்க மனசுல என்ன கேள்வி இருக்கோ, அதே கேள்வியை நீங்க பக்கத்துல எழுதி வெச்சிருக்கணும். கூடவே பதிலும் இருக்கணும். உங்க பேரு அடிக்கடி வரணும். அவ்வளவுதான், மேஜிக் ஒண்ணும் இல்ல," என்றார் சங்கீதா.

பக்கத்தின் எலும்புக்கூட்டை அவர் இரண்டு மாலைகளில் அமைத்துக் கொடுத்தார். எழுத வேண்டிய இடங்களைக் காலியாக விட்டு, "நான் ஊருக்குப் போயிட்டு வந்து சேர்ந்து எழுதலாம்" என்று சொல்லிவிட்டு விடுப்பில் திருப்பூருக்குப் போனார். லாசரஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. காலியாக இருந்த இடங்களையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாமே நிரப்பினார்.

மனசார எழுதினார். "லாசரஸை அடைவது எப்படி?" என்று தலைப்பிட்டு, எம்ஆர்டி ரயிலில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும் என்று எழுதினார். "லாசரஸுக்குக் குடும்பத்தோடு வரலாமா?" தாராளமாக வரலாம், குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். "லாசரஸ் எப்போது திறந்திருக்கும்?" காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை. "ஏன் லாசரஸ்?" அமைதி, தூய்மை, இதமான அணுகுமுறை. அவர் குடியிருப்பது பாசிர் ரிஸ்ஸில், அதிகம் விற்பதும் அங்கேதான். அதனால் கடற்கரைக்கு அருகில் என்றும் ஒரு வரி சேர்த்தார். மேலே போட ஒரு படம் வேண்டியிருந்தது. மனைவி அமலாவைப் பாசிர் ரிஸ் கடற்கரைக்கு அழைத்துப்போய், கடலைப் பின்னால் வைத்து, இரண்டு கைகளையும் விரித்து நின்று எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் கடல்தான் பெரிதாகத் தெரிந்தது. அதன் கீழே "லாசரஸ், சிங்கப்பூர்: உங்களை வரவேற்கிறது" என்று போட்டார். "வரவேற்கிறார்" என்றால் தற்பெருமையாக இருக்கும் என்று நினைத்தார்.

சில நாட்களில் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. முன்பு வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்த அழைப்பு, இப்போது கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைக்க முடியாத அளவுக்கு வந்தது.

"ஹலோ, லாசரஸுங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"ஆமாம்மா, லாசரஸ்தான்."

"இன்னைக்கு ரொம்பக் கூட்டமா?"

லாசரஸ் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒலி எங்கோ ஆடப் போயிருந்தார். "கூட்டமே இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்பாடா. நாங்க பத்துப் பன்னிரண்டு பேர் வர்றோம். நாய்க்குட்டி கொண்டு வரலாமா?"

"குரைக்குமா?"

"குரைக்காது."

"அப்ப கூட்டிட்டு வாங்க."

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வீடு பார்க்கிறார்கள் என்றால் கூட்டுக்குடும்பம், பெரிய வீடாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டார் லாசரஸ். கீழே இறங்கிப் போய்க் கறிபாப் வாங்கி வந்தார். நாய்க்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். மாலை வரை ஒருவரும் வரவில்லை. ஒலி திரும்பி வந்ததும் இருவரும் ஆளுக்குப் பாதியாகக் கறிபாப்பைத் தின்று முடித்தார்கள். கிண்ணம் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கடுத்த நாள் அழைத்தவர் பெயர் வித்யா. பேச்சில் களைப்பு தெரிந்தது.

"அங்கிள், லாசரஸ்ல ஒரே ஒரு நைட் தங்க முடியுமா?"

"ஒரு நைட்டா? சட்டம் அதுக்கு இடம் குடுக்காதும்மா. எச்டிபி கவர்மென்ட் வீடுன்னா குறைஞ்சது ஆறு மாசம் எடுக்கணும்."

"ஆறு மாசமா? டென்ட்லயா?"

"வீட்டுக்குள்ள டென்ட் எதுக்கும்மா?"

"வீட்டுக்குள்ள இல்ல, மணல்ல."

மணல் என்றதும் லாசரஸ், இந்தப் பெண் தரை ஓடு பதிக்காத வீட்டைக் கேட்கிறது போலிருக்கிறது என்று புரிந்துகொண்டார். "ரெனவேஷன் முடியாத வீடு வாடகைக்குக் கிடைக்கிறது கஷ்டம். டைல்ஸ் போட்டதே ஒண்ணு பாத்துத் தரேன், வாங்க."

"எனக்கு டைல்ஸ் எல்லாம் வேணாம் அங்கிள். சத்தம் இல்லாம ஒரே ஒரு ராத்திரி தூங்கணும். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வித்யா வைத்துவிட்டார்.

மர்மத்தை அவிழ்த்தவர் அமலா. ஆலயப் பாடகர் குழுவில் இருப்பவர், மழலையர் பள்ளி ஆசிரியை. மூன்று வயதுப் பிள்ளைகளின் பொய்களையே தினமும் பிரித்து மேய்பவருக்கு இதெல்லாம் ஒரு வேலையில்லை. லாசரஸ் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அமலா எடுத்தார்.

"லாசரஸ் பத்திக் கொஞ்சம் கேக்கணும் அக்கா," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் போன வாரம் போயிட்டு வந்தாங்க. அவ்வளவு அழகா இருக்குன்னு சொன்னாங்க."

அமலா குளியலறைக் கதவைப் பார்த்தார். உள்ளே லாசரஸ் இருமும் சத்தம் கேட்டது.

"எது அழகா இருக்குன்னு சொன்னாங்க?"

"லாசரஸ்தான் அக்கா. சாயங்காலம் வெயில் பட்டா தங்கம் மாதிரி இருக்குமாம்."

"எந்த லாசரஸ்?"

"சிங்கப்பூர்ல ஒரே ஒரு லாசரஸ்தானே இருக்கு?"

"நானும் அப்படித்தான்மா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் அமலா.

அடுத்து அந்தப் பெண், நீச்சல் உடை மாற்ற இடமிருக்கிறதா, திரும்பி வர எந்தப் படகு என்று கேட்டதும் அமலாவுக்கு எல்லாம் விளங்கியது. லாசரஸ் துண்டோடு வெளியே வந்தபோது, அமலா கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தை அவர் சொன்னதும், தலை துவட்ட மறந்து லாசரஸ் தமது பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து ஒரு தீவு பேசுவதாக நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தார். எல்லாமே பொருந்தியது. தீவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பொருந்தியது.

அதைவிட மோசம், பக்கத்தின் அடியில் வந்து சேர்ந்திருந்த கருத்துகள். இதுவரை அவற்றைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "லாசரஸ் அழகுதான், ஆனால் மேலே நிழலே இல்லை" என்று ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். லாசரஸ் தம் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். "முன்பக்கம் பரவாயில்லை, பின்பக்கம் கவனிப்பு தேவை." "போய்ச் சேர்வது சிரமம். ஒரு முறை பார்த்தால் போதும்." "எதிர்பார்த்ததைவிடச் சிறியது." மனம் நொந்தாலும், வந்தவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது அவர் வழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே, "தங்கள் கருத்துக்கு நன்றி, முன்னேற்றிக்கொள்ள முயல்கிறேன்" என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய முற்றத்துக்குள் இந்தப் பேச்சு நடந்து வந்துவிட்டது. பாடகர் குழுவில் மூத்தவரான பிலோமினம்மாள் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, உன்கிட்ட வந்து சேர்றது அவ்வளவு சிரமமாமே. என் பேத்தி படிச்சுக் காட்டினா."

"அது தீவைச் சொல்றது ஆன்ட்டி."

"பின்பக்கம் கவனிப்பு தேவைன்னு போட்டிருக்கே, அதுவுமா?"

"அதுவும் தீவுதான் ஆன்ட்டி."

"சரி சரி," என்றார் பிலோமினம்மாள், சமாதானம் சொல்லும் குரலில். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சங்கீதா ஊரிலிருந்து திரும்பி, கைப்பையை இறக்கிவைத்த கையோடு பக்கத்தைத் திறந்து பார்த்தார். முதலில் வெகுநேரம் சிரித்தார். கடைசியில் தொழில் தெரிந்தவராகப் பேசினார். "அண்ணா, நாங்க ஆபீஸ்ல மாசக்கணக்கா முக்கினாலும் ஒரு பக்கத்தை இவ்வளவு சீக்கிரம் முன்னாடி கொண்டு வர முடியாது. நீங்க தீவுக்கு அடுத்தபடியா நிக்கறீங்க. ஆனா வர்றவங்க யாரும் வீடு தேடி வரல. இதை எடுத்துட்டு வேற பேர்ல புதுசாப் போடலாம். பாசிர் ரிஸ் லாஸ், அப்படி ஏதாவது."

"ஏஜென்ட் பதிவுல இருக்கற பேர்லதான் விளம்பரம் போடணும். அது ரூல்."

"அப்ப பக்கத்தை மட்டுமாவது மாத்துவோம்."

லாசரஸ் உடனே சரி சொல்லவில்லை. முதல் பக்கத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இனித்தது. தவிர, நாள் முழுக்க மனிதர்கள் கூப்பிட்டார்கள், பேசினார்கள், நன்றி சொன்னார்கள். ஆலய முற்றத்தில் குறைந்துபோன பேச்செல்லாம் இந்தப் பக்கமாக வந்து சேர்ந்துவிட்டது போலிருந்தது. படகு நேரம் கேட்டவர்களுக்கு அவர் படகு நேரம் பார்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தார். மழை வருமா என்று கேட்டால் ஜன்னல் வழியாகத் தெற்கே எட்டிப் பார்த்துச் சொன்னார். நிழல் எங்கே இருக்கிறது, மேடு ஏற வேண்டுமா, வயதானவர்கள் நடக்க முடியுமா என்ற கேள்விகளுக்குத்தான் அவரிடம் பதில் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரில் தம் பெயருள்ள தீவில் அவர் காலே வைத்ததில்லை. படகு என்றாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும்.

"பார்க்காத வீட்டைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசினதே இல்ல," என்றார் அமலாவிடம். "போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

பள்ளி விடுமுறையில் ஒரு வார நாளில் இருவரும் மரினா சவுத் படகுத்துறைக்குப் போனார்கள். லாசரஸ் வீடு காட்டப் போகும் அதே நீளக்கைச் சட்டையும் கறுப்புக் காலணியும் அணிந்திருந்தார். அமலா இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தைத் திறந்தே வைத்திருந்தார். படகு துறையை விட்டு நகர்ந்ததுமே லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கில் இஞ்சி, நெற்றியில் வியர்வை. படகு செயின்ட் ஜான்ஸ் தீவில்தான் நிற்கும், அங்கிருந்து கடலை ஒட்டிய பாதையில் நடந்துதான் லாசரஸுக்குப் போக வேண்டும். படகு நின்றதும் ஊழியர் உரக்கக் குரல் கொடுத்தார்.

"லாசரஸ், லாசரஸ்."

"யெஸ், ஹியர்," என்று கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார் லாசரஸ்.

படகே திரும்பிப் பார்த்தது. அமலா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பாதை முழுக்கப் பூனைகள் வெயில் காய்ந்தன. பாதை முடிந்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. நடையை நிறுத்தினார் லாசரஸ். அலுவலகக் கதவில் அவருடைய பெயர் ஒலி முகம்மதின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இவ்வளவு பெரிதாக, மழையும் வெயிலும் பட்டு நிற்கும்படி அதை அவர் எங்கும் பார்த்ததில்லை. இந்தத் தீவின் மேல் இத்தனை நாளாக இருந்த பொறாமை, பலகையைப் பார்த்ததும் என்னவோபோல் ஆகிவிட்டது. ஒரே பெயருள்ள இருவர் கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால் வருகிற கூச்சம் அது. பலகையின் பக்கத்தில் போய் நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "எடு" என்றார்.

அமலா படம் எடுப்பதற்குப் பதிலாகக் காணொளியை அழுத்திவிட்டார். அது தவறுதலாக என்று பின்னால் சொன்னார். லாசரஸ் இதை நம்புவதில்லை.

கேமரா ஓடுவதைக் கண்டதும் அவருக்குப் பழக்கமான வேலை நினைவுக்கு வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம், நான் லாசரஸ். நான் இப்ப நிக்கறது லாசரஸ். வாங்க, சுத்திக் காட்டறேன்." மணலில் கறுப்புக் காலணி புதையப் புதைய நடந்தார். "உள்ள நுழைஞ்சதும் ஹால். எவ்வளவு அகலம் பாருங்க, நாற்காலி எந்தப் பக்கம் வேணும்னாலும் போட்டுக்கலாம். மேல்மாடிச் சத்தம் இருக்கவே இருக்காது, ஏன்னா மேல்மாடியே இல்ல. பக்கத்து வீட்டுச் சமையல் வாசம் இல்ல. காத்தோட்டம் நாலு பக்கமும் இருக்கு. எம்ஆர்டி பக்கத்துல இருக்கான்னு கேப்பீங்க. உண்மையைச் சொல்றேன், இல்ல. ஸ்கூலும் இல்ல, அதனால காலையில எழுப்ப வேண்டிய பிள்ளைகளும் இல்ல. கார் பார்க் இல்ல, சம்மன் வர்ற பயமும் இல்ல. நிழல் அந்த மரங்களுக்குக் கீழ இருக்கு, சூரியன் நகர நகர நீங்களும் பாயோட நகரணும். வயசானவங்க நடக்கலாம், மெதுவா." தண்ணீர் விளிம்பில் நின்று, ஒரு கணம் தயங்கி, ஒலி முகம்மதைப் போல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சுற்றி முடிவதற்குள் அலை வந்து காலணியை நிரப்பிவிட்டது. "குளியலறை," என்று கடலைக் காட்டிச் சொன்னார். "ரொம்பப் பெருசு."

கேமரா குலுங்கியது. அமலா சிரிப்பை அடக்கும் சத்தமும் அதில் பதிவாகிவிட்டது.

சங்கீதா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு வெட்டும் போட விடவில்லை. சொத்து விற்பவர் ஓர் இடத்தைக் காட்டினால் விற்கத்தான் காட்டுகிறார் என்று யாராவது நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, கடைசியில் "இந்தத் தீவு விற்பனைக்கு அல்ல, லாசரஸுக்குச் சொந்தமும் அல்ல" என்று ஒரு வரியும் முகவர் பதிவு எண்ணும் மட்டும் சேர்த்தார். பக்கத்தையும் மாற்றினார். மேலே இரண்டே பொத்தான். ஒன்றில் "தீவுக்குப் போகணுமா?", மற்றதில் "வீட்டுக்குப் போகணுமா?"

காணொளி எங்கெங்கோ போயிற்று. திருப்பூரிலிருந்து சங்கீதாவின் அம்மாவே அனுப்பினார், "உங்க ஊர்ல யாரோ ஒருத்தர் கடலைக் குளியலறைன்னு விக்கறாராம்" என்ற குறிப்போடு. ஒலி முகம்மது ஒரு வாரம் ஆடவில்லை. பிறகு வந்து, ஒரு சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

"அண்ணே, அந்த அலை வந்தது ஏற்பாடா, தானா?"

"தானா."

"அதான் எனக்கு வரமாட்டேங்குது லா," என்றார் ஒலி வருத்தத்தோடு.

இதெல்லாம் நடந்தும், முதல் சில வாரங்கள் எல்லாரும் தீவுப் பொத்தானைத்தான் அழுத்தினார்கள். லாசரஸ் அலுக்காமல் பேசினார். பேசப் பேச ஒன்று அவர் காதில் விழத் தொடங்கியது. தீவுக்கு வழி கேட்பவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் இல்லை. வீட்டில் இடமில்லாதவர்கள். கல்யாணமாகிப் பெற்றோரோடு இருப்பவர்கள், ஒரே அறையில் படிப்பும் தூக்கமுமாக இருப்பவர்கள், மேல்மாடிக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் எழுந்திருப்பவர்கள். அப்போதுதான் அவருக்கு வித்யா ஞாபகம் வந்தது. பழைய அழைப்புகளில் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

"ஆறு மாசம் டென்ட்ல தங்கச் சொன்ன அங்கிள்தானே?" என்றார் வித்யா.

"அதே ஆள்தான். ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல என்ன சத்தம்?"

வித்யா மருத்துவமனைத் தாதி. முறைமாற்று வேலை, தூங்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். கணவர் கதிரேசனின் பெற்றோரோடு உட்லண்ட்ஸில் இருந்தார்கள். மாமனார் மாசிலாமணி கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறை இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது, தொண்டை மட்டும் வளர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் கரோக்கி இயந்திரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மாமனார் நல்லவர், மருமகள் மேல் பிரியம் உள்ளவர். அவள் வேலை முடிந்து அலுத்து வந்து படுக்கும்போது, களைப்புத் தீரட்டும் என்று அவளுக்காகவே பாடுவார்.

"அவர்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல அங்கிள். அதான் டென்ட் வாங்கிட்டேன்," என்றார் வித்யா.

லாசரஸ் வித்யாவுக்கும் கதிரேசனுக்கும் பாசிர் ரிஸ்ஸில் ஒரு வீடு காட்டினார். அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. உள்ளே போய், ஜன்னலைச் சாத்திவிட்டு, மூவரும் சும்மா நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. வித்யா சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடினார். கதிரேசன் லாசரஸைப் பார்த்து, எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டினார்.

அந்த வீட்டையே வாங்கி, எல்லா வேலையும் முடிந்து பால் காய்ச்சும் நாளும் வந்தது. லாசரஸும் அமலாவும் போனார்கள். உட்லண்ட்ஸிலிருந்து மாசிலாமணியும் மாமியார் சுசீலாவும் வந்திருந்தார்கள். மாசிலாமணி ஒவ்வோர் அறையாகப் போய், "ஹா" என்று குரல் கொடுத்து எதிரொலியைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியோடு திரும்பினார். சுசீலா பால்கனிப் பக்கம் நின்று காற்று வாங்கிவிட்டு வந்து, லாசரஸின் எதிரில் உட்கார்ந்தார்.

"வீடு அருமையா இருக்கு. கீழ வரும்போது பாத்தேன், இதே புளோக்ல இன்னொண்ணு விக்கறாங்களாமே. நாங்களும் இங்கயே வந்துட்டா பிள்ளைங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்."

இத்தனை வருடத் தொழிலில் இப்படித் தானாக வந்து மடியில் விழுந்த வாய்ப்பு லாசரஸுக்கு வாய்த்ததில்லை. அந்த வீட்டை விற்றுத் தர எடுத்திருப்பவரே அவர்தான். வாய் தானாகத் திறந்தது. அப்போது சமையலறை வாசலில் பால் கரண்டியோடு நின்ற வித்யாவின் முகம் தெரிந்தது. லாசரஸ் வாயை மூடி, வேறு வார்த்தைகளோடு மறுபடி திறந்தார்.

"அந்த வீடு மேற்குப் பார்த்ததும்மா. மத்தியானம் ஆனா சுடும்."

"எனக்கு வெயில் வேணும். வடகம் காயும்," என்றார் சுசீலா.

"லிஃப்ட்லேருந்து ரொம்ப தூரம் நடக்கணும்."

"இவரை நடக்கச் சொல்லித்தான் டாக்டர் சொல்லியிருக்காரு."

"பக்கத்து வீட்டுக்காரருக்குச் சின்ன சத்தம்கூட ஆகாது."

"இவரு பாட்டைக் கேட்டா ஆகிடும்."

லாசரஸின் நெற்றியில் படகில் வந்த அதே வியர்வை. குறையையெல்லாம் நிறையாக்கிக் காட்டுவது காலமெல்லாம் அவர் செய்த வேலை. அதை இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து இவ்வளவு சுலபமாகச் செய்வார் என்று அவர் நினைத்ததில்லை. கடைசியாக உட்லண்ட்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"உட்லண்ட்ஸ் மாதிரி வருமாம்மா? மலேசியாவுக்குப் போற காஸ்வே பக்கத்துலயே. நெனச்சா ஜோகூர் போய்ச் சாப்பிட்டு, சாமான் வாங்கிட்டு, பொழுதோட வீட்டுக்கு வந்துடலாம். இங்கேருந்து போகணும்னா பாதி நாள் பஸ்லயே போயிடும்."

இதுவரை கேட்காததுபோல் இருந்த மாசிலாமணி, ஜோகூர் என்றதும் நிமிர்ந்தார். "சனிக்கிழமை ஜோகூர் போக முடியாதா?"

"கஷ்டம்தான் ஐயா."

"அங்க என் செட்டு மொத்தமும் பாடக் காத்துக்கிட்டிருக்கும். நான் இல்லாம ஆரம்பிக்க மாட்டாங்க." மனைவி பக்கம் திரும்பினார். "நாம அங்கயே இருப்போம் சுசீலா. சின்னஞ்சிறுசுங்க இங்க இருக்கட்டும்."

சுசீலா லாசரஸை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இவ்வளவு நாள் எப்படி வீடு வித்தீங்கன்னே தெரியல. கையில வந்தவங்களைத் திருப்பி அனுப்பறீங்க."

"எல்லாருக்கும் எல்லா வீடும் ஒத்து வராதும்மா," என்றார் லாசரஸ். அது உண்மைதான் என்பதால் தடங்கலில்லாமல் வந்தது.

வித்யா வந்து, அவர் கிண்ணத்தில் பாயசத்தை விளிம்புவரை ஊற்றினார். முந்திரி எல்லாம் அதில்தான் இருந்தது. மாசிலாமணி எழுந்து, புது வீட்டுக்கு ஒரு பாட்டாவது பாட வேண்டாமா என்று கேட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தளம் தள்ளி யாரோ ஜன்னல் சாத்தினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அமலா கேட்டார்: "ஒரு வீடு போச்சா?"

"போச்சு."

"வருத்தமா?"

லாசரஸ் யோசித்தார். "பாயசம் ரெண்டாவது கிண்ணம் வாங்கியிருக்கலாம்," என்றார்.